ரிம் கீறலைக் கையால் தேய்க்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் (பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை) கடைகள் முன்னால் காடியை, அதாவது காரை, ஒதுக்கி நிறுத்துகிறவர்களின் அலுமினிய ரிம், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் லோங்காங் (சாக்கடை) விளிம்பில் உரசும். அன்று மாலையே உப்புத்தாளை எடுத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கேதான் காரியம் கெடுகிறது.

முதலில் ரிம்மின் மேல் என்ன பூச்சு இருக்கிறது என்று தெரிய வேண்டும். மறைவான ஓரிடத்தில் அலுமினிய பாலிஷைத் துணியில் தொட்டுத் தேயுங்கள். துணி கறுத்தால் அது வெறும் அலுமினியம். கறுக்காவிட்டால் மேலே பெயிண்டோ லாக்கரோ (பளபளப்பான மேல்பூச்சு) இருக்கிறது. அதன்மேல் எவ்வளவு பாலிஷ் போட்டாலும் உலோகத்தில் விழுந்த கீறல் போகாது. சாய்த்துப் பார்த்தால் மெல்லிய வட்டக் கோடுகள் தெரிகிற ரிம், லேத் என்ற கடைசல் இயந்திரத்தில் கடைந்தது. அந்தக் கோடுகளைக் கையால் திரும்பக் கொண்டுவர முடியாது. அதை ரிம் பழுதுபார்க்கும் கடைக்கு அனுப்பிவிடுவதே நல்லது.

அடுத்தது வெடிப்பு. இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. கீறல் என்று நினைத்தது உள்பக்கமும் தொடர்கிறதா, அந்த டயரில் மட்டும் காற்று இறங்குகிறதா என்று பாருங்கள். செம்பனை லோரிகள் ஓடிப் பள்ளமான தோட்டச் சாலையில் வேகமாக இறங்கியிருந்தால் ரிம்மின் உள்விளிம்பைக் கட்டாயம் பாருங்கள். வெடித்த ரிம்மைப் புட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்து மூடுவது உயிரோடு விளையாடுவது. டயர் உட்காரும் விளிம்பிலும் புட்டி வேண்டாம். அது முகப்பில் உள்ள சிறு பள்ளத்துக்கு மட்டுமே.

சக்கரத்தைக் கழற்றி, பிரேக் தூளும் செம்மண்ணும் போகக் கழுவிய பிறகுதான் தேய்க்க வேண்டும். ஒட்டியிருக்கும் ஒரு மணல் துணுக்கு போதும், புதுக் கீறல் போட. துருத்தி நிற்கும் பிசிறை மெல்லிய அரத்தால் சமப்படுத்துங்கள். வெறும் அலுமினியம் என்றால் 240, 400, 600, 800, 1000, 2000 என்று எண் ஏற ஏற நைஸாகும் தாளாக மாற்றிக்கொண்டே போகலாம். 400-க்கு மேல் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். பெரும்பாலோர் நடுவில் இரண்டு எண்களைத் தாண்டிவிடுகிறார்கள். முன் தாள் போட்ட கோடு முழுதும் மறையாமல் அடுத்ததற்குப் போனால், பாலிஷ் போட்டதும் அத்தனை கோடும் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றினால் பழைய கோடு எங்கே மிச்சமிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். விரல் நுனியால் அழுத்தினால் குழி விழும். தாளை ஸ்பாஞ்சில் சுற்றிப் பிடியுங்கள்.

இரும்பு நார் வேண்டவே வேண்டாம். அதன் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து துருப்பிடிக்கும். அடுப்புக் கரி நீக்கும் காரத் திரவமும் அலுமினியத்தை அரிக்கும்.

பெயிண்ட் அடிப்பதானால் அலுமினியத்துக்கான பிரைமர் (அடிப்பூச்சு) இல்லாமல் அடிக்காதீர்கள்; உரிந்து வரும். மழை வரப்போகும் புழுக்கமான மாலையில் லாக்கர் அடித்தால் ஈரம் பிடித்துப் பால்போல் வெளுத்துவிடும். நம் ஊரில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் என்பதால் வெயில் ஏறிய காலை நேரமே தோது. ஹார்ட்னர் (இறுக வைக்கும் திரவம்) கலந்த லாக்கர் புகைக்குச் சாதாரண முகக்கவசம் போதாது. நட் உட்காரும் இடத்திலும், ரிம் ஹப்போடு (சக்கரம் மாட்டும் மையப் பகுதி) சேரும் பின்பக்கத்திலும் பெயிண்ட் படாமல் டேப் ஒட்டுங்கள். அங்கே பூச்சு இருந்தால் நட் தளரும். மாட்டிய பிறகு காடிக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.