தக்காளி வருவதற்கு முந்தைய இத்தாலி

இத்தாலியச் சமையலின் கதையைச் சொல்ல வருகிறவர்கள் பலர் தக்காளியிலேயே தடுக்கி விழுகிறார்கள். ரோமானியப் பேரரசர்களின் விருந்திலும் தக்காளிச் சாஸைப் பரிமாறிவிடுகிறார்கள். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492க்கு முன் ஐரோப்பாவில் கிடையாது.

அதை அறிந்தவர்களும் அடுத்த பிழையைச் செய்கிறார்கள். கப்பலை விட்டு இறங்கியதும் தக்காளி நேரே அடுப்புக்குப் போனதாக எழுதிவிடுகிறார்கள். 1544இல் மூலிகை அறிஞர் மத்தியோலி அதைக் கத்தரிக்காயின் உறவாகக் கருதினார். எண்ணெய், உப்பு, மிளகு சேர்த்து உண்கிறார்கள் என்றும் குறித்தார். ஆனாலும் நெடுநாள் அதைத் தோட்டத்து அழகுக்காகவே பெரிதும் வளர்த்தார்கள். 1690களில் நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி வெளியிட்ட சமையல் நூலில் தக்காளிச் சாஸ் வருகிறது, 'ஸ்பானிய முறை' என்ற பெயரோடு. ஊர் அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. அதே ஊர்க்காரரான காவல்கந்தி 1839இல் வெர்மிசெல்லி என்ற மெல்லிய பாஸ்தாவுடன் தக்காளியைச் சேர்த்து எழுதுகிறார். மத்தியோலிக்கும் இவருக்கும் இடையில் ஏறத்தாழ 300 ஆண்டுகள். இந்த இடைவெளியை விட்டுவிட்டால் கதையே போய்விடும் என்பேன்.

பாஸ்தாவை மார்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுவந்தார் என்பதையும் விட்டுவிடுங்கள். அவர் வெனிஸ் திரும்பியது 1295இல். 1279ஆம் ஆண்டு ஜெனோவா ஆவணம் ஒன்றின் சொத்துப் பட்டியலிலேயே மக்கரோனி இருக்கிறது. சிசிலியின் திராபியாவில் மாவுப் பண்டத்தை இழைகளாகச் செய்து வெளியூர்களுக்கு அனுப்பியதை அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி 1154இல் பதிவு செய்தார்.

ஆலிவ் எண்ணெயை நாடு முழுவதற்கும் பொதுவாக்குவதும் தவறு. வடக்கில் வெண்ணெயும் பன்றிக் கொழுப்பும் நெடுங்காலம் கோலோச்சின.

என்னை மிகவும் வருத்தும் பிழை பொலெந்தாவைப் பற்றியது. அதை மக்காச்சோளத்தோடு பிறந்த உணவு என்கிறார்கள். பழைய பொலெந்தா தினையிலும் பனிவரகிலும் செஸ்ட்நட் மாவிலும் கிண்டிய களி. மக்காச்சோளம் வந்தபின் வடக்கின் ஏழை உழவர்களுக்கு அதுவே ஏறக்குறைய ஒரே உணவாயிற்று. மெக்சிகோ மக்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத்தான் அரைப்பார்கள். அதனால் அதிலுள்ள நியாசின் என்ற வைட்டமின் உடலில் சேரும். ஐரோப்பாவுக்குத் தானியம் வந்தது, அந்த வழக்கம் வரவில்லை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வெனெத்தோ, லொம்பார்தி கிராமங்களில் நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் பரவியது. தோல் வெடித்து, மனம் பேதலித்து, பலர் இறந்தார்கள். நியாசின்தான் அந்நோய்க்கு மருந்து என்பது 1937இல்தான் தெரியவந்தது.