சிஜிபிஏ கம்மியா இருக்கு, வெளிநாட்ல எம்பிஏ படிக்கப் போகலாமா? முடிவெடுக்குற வழி

இன்ஜினியரிங்ல 6.3 சிஜிபிஏ, கூட ரெண்டு மூணு ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ், அப்புறம் நாலஞ்சு வருஷ வேலை அனுபவம், இப்ப எம்பிஏக்கு வெளிநாடு போகலாம்னு ஆசை, ஆனா இந்த மார்க்குக்கு யாரு சீட் தருவான்னு பயம். இப்படி இருக்கவங்க எல்லாருமே சீட் கிடைக்குமான்னுதான் முதல்ல கேக்குறாங்க. உங்கள எடுக்கக்கூடிய ஸ்கூல் எது, அங்க படிச்சா கடன் அடையுமா, இதுதான் முதல்ல கேக்க வேண்டியது.

மார்க்ஷீட்ட எடுத்து முன்னாடி வைங்க. சிஜிபிஏவ பாக்குறப்ப அட்மிஷன் கமிட்டிக்கு வர்ற பெரிய சந்தேகம், இவரு ஃபைனான்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கிளாஸ்ல தாக்குப்பிடிப்பாரான்றதுதான். அதனால எம்3ல (மூணாவது கணக்கு பேப்பர்) ரெண்டு தடவ அரியர் வெச்சு பாஸ் பண்ணவரும், கணக்குல நல்ல கிரேடு வாங்கிட்டு வேற பேப்பர்ல கோட்டை விட்டவரும் ஒரே 6.3ல இருந்தாலும் நிலைமை வேற வேற. கடைசி நாலு செமஸ்டர்ல ஜிபிஏ ஏறியிருந்தா அதுவும் உங்க பக்கம்தான். அப்புறம் ஒண்ணு, 10க்கு வாங்குனத நீங்களா 4க்கு மாத்திப் போடாதீங்க, நிறைய ஸ்கூல் உங்க யுனிவர்சிட்டி ஸ்கேல்லயேதான் கேக்குறாங்க.

அந்த சந்தேகத்துக்கு பதில் சொல்றது எம்பிஏ அட்மிஷனுக்கு எழுதுற ஜிமேட் தேர்வு. இப்ப இருக்குறது 2023 நவம்பர்ல வந்த புது வடிவம், குவான்ட் (கணக்கு), வெர்பல் (இங்கிலீஷ்), டேட்டா இன்சைட்ஸ் (டேட்டாவ புரிஞ்சுக்குறது)னு மூணு செக்ஷன், ஒவ்வொண்ணுக்கும் 45 நிமிஷம், ஸ்கோர் 205ல இருந்து 805 வரை. பழைய ஸ்கோரோட நேரா ஒப்பிடக் கூடாது, இப்ப 645 வாங்குறது கிட்டத்தட்ட பழைய 700 மாதிரி. நம்ம ஊர்ல இருந்து ஐடி இன்ஜினியருங்க அவ்ளோ பேரு அப்ளை பண்றாங்க, அதுல மார்க்கும் கம்மின்னா அந்த ஸ்கூலோட சராசரிய தாண்டுன ஸ்கோர் வேணும், குறிப்பா குவான்ட்ல. ஸ்கோர் 5 வருஷம் செல்லும், அதனால முடிவெடுக்குறதுக்கு முன்னாடியே எழுதிப் பாருங்க, வர்ற ஸ்கோரே பாதி முடிவ சொல்லிடும்.

ஸ்கூல் லிஸ்ட் போடும்போது கிளாஸ் ப்ரொஃபைல்ல (அங்க சேந்தவங்களோட ஸ்கோர் விவரம்) சராசரிய மட்டும் பாத்து பயந்துடாதீங்க. பல ஸ்கூல் மிடில் 80% ரேஞ்ச், அதாவது மேல 10%, கீழ 10% விட்டுட்டு நடுவுல இருக்கவங்க ஸ்கோர் போடுறாங்க, அதோட கீழ் நம்பருக்கும் கீழ 10% பேர் உள்ள இருக்காங்கன்னு அர்த்தம். அப்ளிகேஷன்ல விருப்பப்பட்டா எழுதுற ஆப்ஷனல் எஸ்ஸேல மார்க்குக்கு காரணம் நாலு வரில முடிச்சிடுங்க. "மூணாவது செமஸ்டர்ல அப்பாவுக்கு ஆபரேஷன், கடைய நான்தான் பாத்துக்கிட்டேன், அஞ்சாவது செமஸ்டர்ல இருந்து அரியர் இல்ல" அப்படின்னா போதும். காரணம் ஒண்ணும் இல்லன்னா அப்ப சரியா படிக்கலன்னு நேரா சொல்லிட்டு, அதுக்கப்புறம் வேலைல என்ன சாதிச்சீங்கன்னு எழுதுங்க. காலேஜ குறை சொல்லாதீங்க.

இப்ப பணம், இங்கதான் ரொம்ப நேரம் உக்காந்து யோசிக்கணும். 80 லட்சம் கடன், 11% வட்டி, 10 வருஷம்னா இஎம்ஐ மாசம் ஏறக்குறைய 1,10,000 ரூபா, படிக்குற காலத்துல ஏறுற வட்டிய இதுல நான் சேக்கவே இல்ல. ஸ்கூலோட எம்ப்ளாய்மென்ட் ரிப்போர்ட்ட திறந்தீங்கன்னா அந்த நாட்ல நிரந்தரமா வேலை பாக்க அனுமதி இருக்கவங்க, இல்லாதவங்கன்னு பல ரிப்போர்ட்ல தனித்தனியா டேபிள் இருக்கும். நீங்க ரெண்டாவது வரிசை. மொத்த சராசரி சம்பளத்த விட்டுட்டு அந்த வரிசைல எத்தன பேருக்கு வேலை கிடைச்சிருக்கு, எவ்ளோ சம்பளம்னு பாருங்க. அது பிரிச்சுப் போடலன்னா அங்க படிக்குற நம்ம பசங்க ரெண்டு மூணு பேர லிங்க்ட்இன்ல புடிச்சு கேளுங்க, பெரும்பாலும் ஒளிவுமறைவு இல்லாம சொல்லுவாங்க.

விசாவும் இதே கணக்குலதான் வருது. அமெரிக்கால படிச்சு முடிச்சதும் வேலை பாக்க விடுற ஓபிடி 12 மாசம், ஸ்டெம் (அறிவியல், டெக்னாலஜி, இன்ஜினியரிங், கணக்கு) அந்தஸ்து உள்ள கோர்ஸ்னா இன்னும் 24 மாசம், அதுக்கப்புறம் எச்1பி வேலை விசா லாட்டரிதான். 2025 செப்டம்பர்ல புது எச்1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம்னு உத்தரவு வந்துச்சு, அது யார் யாருக்கு பொருந்தும்னு அப்ளை பண்ற நேரத்துல கட்டாயம் பாத்துக்கங்க. ஐரோப்பால பல ஸ்கூல்ல படிப்பே சின்னது, பிரான்ஸ்ல இருக்குற இன்சியாட் 10 மாசம்தான், ஒரு வருஷ சம்பளம் மிச்சம், ஆனா புதுசா ஒரு துறைக்கு மாற இன்டர்ன்ஷிப்புக்கு நேரம் பத்தாது.

என்னோட அளவுகோல் இதுதான்: வேலை கிடைக்காம ஊருக்குத் திரும்பி இந்திய சம்பளத்துல அந்த இஎம்ஐய கட்ட முடியுமா? முடியும்னா தைரியமா அப்ளை பண்ணுங்க, மார்க்கு உங்கள தடுக்க வேணாம். முடியாது, அதுலயும் அப்பா அம்மா குடியிருக்குற ஒரே வீட்ட அடமானம் வெச்சாதான் கடன் கிடைக்கும்னா, ஸ்காலர்ஷிப் இல்லாம போகாதீங்கன்னு கண்டிப்பா சொல்லுவேன். ஒரு வருஷம் தள்ளிப் போட்டு, ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் ஆன்லைன்ல இருக்குற கோர் (CORe) மாதிரி கோர்ஸ்ல அக்கவுன்டிங், எகனாமிக்ஸ் படிச்சு நல்ல மார்க் காட்டுங்க, ஆபீஸ்ல டீம் பொறுப்பு கேட்டு வாங்குங்க, ஜிமேட்ட இன்னொரு தடவ எழுதுங்க. அப்புறம் பெரும்பாலும் செப்டம்பர்ல வர்ற முதல் அப்ளிகேஷன் ரவுண்ட்லயே போடுங்க, ஸ்காலர்ஷிப் பணம் அப்பதான் அதிகமா மிச்சம் இருக்கும். மூணாவது ரவுண்ட் நமக்கு வேணாம், விசாவுக்கே நேரம் பத்தாது.