கருகல் வாடையும் பச்சை வளையப் பர்ரும்

மாட்டுங்கா கிளினிக்கில், பல்மேல் மாட்டும் உறையான கிரவுனுக்காகக் கடைவாய்ப் பல்லைச் செதுக்கும்போது லேசான கருகல் வாடை. “டாக்டர், வாடை வருதே” என்றார் உதவியாளர். போட்டிருந்தது பச்சை வளைய டயமண்ட் பர், அதாவது வைரத்துகள் பதித்த சுழலும் செதுக்கு முனை. பச்சை என்றால் கரடான துகள், தொட்டாலே வெட்ட வேண்டும். ஆனால் அழுத்தினால்தான் நகர்ந்தது. லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடி) பார்த்தால் துகள்களுக்கிடையே பல்தூள் மாவாக அப்பிக் கிடந்தது. பர்ரைச் சுழற்றும் ஹேண்ட்பீஸை வாய்க்கு வெளியே ஓடவிட்டேன். பல்லைக் குளிர்விக்கும் தண்ணீர் ஒரு துளையில் வரவே இல்லை! மெல்லிய கம்பியால் குத்தி அடைப்பை எடுத்தேன். அப்புறம் புது பர், லேசான கை, விட்டுவிட்டு வெட்டு. வாடை நின்றது.

ஓரத்தை மட்டும் நைசான சிவப்பு வளையப் பர்ரால் வழவழப்பாக்கினேன். மஞ்சள் அதைவிட நைசானது. பல் குழியை அடைக்கும் பல்நிறக் காம்போசிட்டை மெருகேற்றத்தான் எடுப்பேன்.

பழைய பர்ரை அல்ட்ராசோனிக் கருவியில் கழுவியும் நுனியில் வைரம் மொட்டைதான். பர் விலையைப் பார்த்தால் சூட்டில் பல்லின் நரம்பு என்னாவது? தூக்கிப் போட்டுவிட்டேன்.