சறுக்கு இருக்கைக் கேனூ: காற்று தணியும்போதுதான் கவனம்

சறுக்கு இருக்கை, அதாவது படகின் குறுக்கே இருபக்கமும் நகரும் பலகை, பொருத்திய பாய்மரப் பந்தயக் கேனூவைப் பழக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "காற்று திடீரென்று வலுத்தால் என்ன செய்வது?" என்றுதான். நியாயமான பயம். ஆனால் இந்தப் படகில் புதியவர்களை அடிக்கடி தண்ணீரில் தள்ளுவது தணிகிற காற்று. காற்று வலுத்தால் கையில் இருக்கும் பாய்க்கயிற்றை விட்டுக்கொடுத்தால் போதும். கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும். தணிந்தால் உடம்பையே உள்ளே கொண்டுவர வேண்டும். படகுக்கு வெளியே நீட்டிய பலகையின் நுனியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது அத்தனை விரைவில் ஆகிற காரியம் அல்ல.

நான் பேசுவது 'இன்டர்நேஷனல் கேனூ' என்ற வகையைப் பற்றி. ஒருவரே செலுத்தும் படகு. நீளம் ஏறத்தாழ 5.2 மீட்டர், பெரிய பாயும் முன்பாயும் சேர்ந்து 10 சதுர மீட்டர். பழைய வார்ப்பில் வந்த படகுகள் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான அகலம் உடையவை. பின்னால் வந்த விதிகளின்படி கட்டப்படுபவை முக்கால் மீட்டர் அளவுக்கு ஒடுங்கிவிட்டன. இத்தனை ஒல்லியான உடலில் அத்தனை பாயைத் தாங்க வைப்பது குறுக்கே ஓடும் அந்தப் பலகைதான். 1880களில் அமெரிக்காவின் லோவல் நகரைச் சேர்ந்த பால் பட்லர் இதைக் கேனூவுக்குக் கொண்டுவந்தார். 1933இல் இங்கிலாந்திலிருந்து உஃபா ஃபாக்ஸும் ரோஜர் டி குவின்ஸியும் தங்கள் கேனூக்களுடன் அமெரிக்கா போய், நியூயார்க் கேனூ கிளப்பின் சர்வதேசக் கோப்பையை வென்று வந்தார்கள். அதையொட்டித்தான் இரு நாட்டு விதிகளும் ஒன்றை ஒன்று நெருங்கின.

பலகையின் பலத்தைக் கணக்காகப் பாருங்கள். பழைய அகலமுள்ள படகின் விளிம்பில் உட்கார்ந்தால் உங்கள் எடை நடுக்கோட்டிலிருந்து சுமார் அரை மீட்டரில் இருக்கிறது. நுனிக்குப் போனால் சுமார் இரண்டு மீட்டர். எடை அதேதான், படகை நிமிர்த்தும் திருப்புவிசை நான்கு மடங்கு. காற்று நின்ற நொடியில் அதே நான்கு மடங்கும் உங்களுக்கு எதிராகத் திரும்பும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

முதல் பாடத்தைக் கரையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். படகை வண்டியில் உறுதியாகக் கட்டி, பாய் ஏற்றாமல், பலகையில் ஏறி உட்கார்ந்து இரண்டு பக்கமும் நகர்த்திப் பழகுங்கள். ஒருவர் மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பலகை ஒரு கையின் தள்ளலுக்கு நகர வேண்டும். இரண்டு கையும் தேவைப்பட்டால் தண்ணீரில் இறங்கத் தகுதியில்லை. மணலும் உப்பும் சறுக்குப் பாதையில் படிந்திருக்கும். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால் பாதிக் கோளாறு தீரும். அடுத்து, பலகை முழுவதும் வெளியே வந்துவிடாதபடி தடுக்கும் நிறுத்திகளைப் பாருங்கள். பலகை தன்னைப் பிடித்திருக்கும் தாங்கியை விட்டு வெளியேறும் இடத்தின் மேல்பரப்பையும் அடிப்பரப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். முழு வளைவும் அந்த இடத்தில்தான் விழுகிறது. மெல்லிய கீறல் இருந்தாலும் அங்கேதான் முறியும்.

தண்ணீரில் இறக்கும்போது, ஆள் ஏறாத கேனூ தானாக நிமிர்ந்து நிற்காது என்பதை நினைவில் வையுங்கள். அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, காற்றுக்கு நேராக வைத்து, பாய்க்கயிறுகளை முழுவதும் இளக்கி, இடுப்பளவு ஆழத்தில் நில்லுங்கள். பலகையை உங்கள் பக்கம் கொஞ்சம் இழுத்து அதன் நுனியைப் பிடித்தால் படகு முழுவதும் உங்கள் கைக்குள் வரும். சுக்கானையும், படகின் அடியில் நீருக்குள் இறங்கும் அடப்பலகையையும் இறக்கிய பிறகு, இருக்கைப் பலகையை நடுவுக்குத் தள்ளி, ஒரே வீச்சில் ஏறுங்கள். ஏறியதும் முன்னேற வேண்டும். நிற்கிற கேனூவை யாராலும் நிமிர்த்தி வைத்திருக்க முடியாது; ஓடுகிற கேனூ தன்னைத்தானே பாதி நிமிர்த்திக்கொள்ளும்.

இனி பலகையில் வெளியே போவது. கயிற்றை இழுத்துப் பாய் காற்றைப் பிடிக்கப் பிடிக்க, அந்த அழுத்தத்துக்கு ஈடாக வெளியே நகர வேண்டும். முதலில் நுனிக்குப் போய் உட்கார்ந்துவிட்டுப் பிறகு கயிற்றை இழுக்கிறவர் தன் பக்கமாகவே கவிழ்வார். காலைப் பலகையின் குறுக்குக் கட்டைகளில் ஊன்றுங்கள். ஒரு கையில் சுக்கான் பிடியின் நீட்டுக்கோல், மறு கையில் பாய்க்கயிறு. கயிற்றை எங்கும் முடிச்சிடக் கூடாது. விரல்களில்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் காற்று தணிவதை முதலில் சொல்வது அந்தக் கயிறுதான். கண்ணுக்குத் தெரியும் முன்பே விரல்களில் இழுவை குறையும். அடுத்து முன்பாயின் முன்விளிம்பு லேசாகப் படபடக்கும். படகு பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருப்பதால், உங்களுக்குப் படும் காற்று அணியத்தின் பக்கமாகத் திரும்பிவிடுகிறது. மூன்றாவதாகத்தான் பலகையின் நுனி தாழும். நுனி அலையைத் தொட்டால் அங்கேயே பிரேக் விழுந்து, படகு உங்கள் பக்கம் சுழன்று, எல்லாம் முடிந்துவிடும்.

எனவே முதல் அறிகுறியிலேயே செயல்படுங்கள். சுக்கான் பிடியை மெல்ல உங்கள் பக்கம் இழுத்தால் அணியம் காற்றை விட்டுச் சற்று விலகும், பாய் மறுபடி நிரம்பும். கூடவே கயிற்றையும் சற்று உள்ளே இழுங்கள். இதில் கிடைக்கும் ஒரு நொடியில், இடுப்பைத் தூக்கி உள்பக்கம் வாருங்கள். வெடுக்கென்று சுக்கானைத் திருப்பினால் படகு இன்னும் உங்கள் பக்கமே சாயும். நுனிக்கும் அலை முகட்டுக்கும் நடுவே இரண்டு சாண் இடைவெளி எப்போதும் இருக்கட்டும் என்பது என் கணக்கு. படகை முழுத் தட்டையாக ஓட்டத் துடிக்கிறவர்கள் இந்த இடைவெளியைத் தின்றுவிடுகிறார்கள். பழகும் காலத்தில், காற்று போகும் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தே ஓட்டுங்கள்.

காற்று வலுக்கும்போது: எதிர்காற்றில் போகிறீர்களானால் முதலில் கயிறு, பிறகு சுக்கான். ஒரு முழம் விட்டுக்கொடுத்து, அணியத்தை லேசாகக் காற்றுக்குத் திருப்பி, படகு வேகம் பிடித்ததும் மீண்டும் இழுங்கள். பின்காற்றில் போகும்போது எதிர்மாறு: அணியத்தைக் காற்றை விட்டு விலக்குங்கள், காற்றை நோக்கித் திருப்பினால் படகு கவிழும்.

டேக் அடிப்பது, அதாவது அணியத்தைக் காற்றின் ஊடாகத் திருப்பி மறுபக்கம் போவது, இந்தப் படகின் உண்மையான பரீட்சை. சாதாரணப் படகில் சுக்கானைத் திருப்பிவிட்டுத் தாவலாம். இங்கே சுக்கான் கடைசி. இரண்டு அலைகளுக்கு நடுவே தட்டையான தண்ணீர் வரும்வரை காத்திருங்கள். முழு வேகம் இருக்க வேண்டும். கயிற்றைச் சிறிது சிறிதாக இளக்கியபடியே பலகையில் உள்ளே வந்து, பாதங்களைப் படகினுள் வையுங்கள். இப்போது சுக்கான் பிடியை நிதானமாகத் தள்ளுங்கள். அணியம் காற்றைக் கடக்கும் நேரத்தில் குனிந்து, பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் பாய்க்கட்டையின் அடியில் கடந்து, கையால் பலகையை உங்களுக்கு முன்னே புதுப் பக்கத்துக்குத் தள்ளுங்கள். நீட்டுக்கோல் பின்புறமாகச் சுற்றி வர வேண்டும். அதை முன்பக்கம் கொண்டுவர முயன்றால் பாய்க்கயிற்றில் சிக்கும்.

புதுப் பக்கம் வந்தவுடன் பலரும் பாயை இறுக்குகிறார்கள். நீங்கள் இன்னும் பலகையில் வெளியே போகவில்லை, இறுக்கினால் தாங்காது. தாராளமாக இளக்கி வைத்து, வழக்கமான கோணத்தைவிடக் காற்றை விட்டுச் சற்று விலகிப் படகை ஓடவிடுங்கள். வேகம் வரட்டும். நகர நகர இழுங்கள், இழுக்க இழுக்க நகருங்கள். நடுவில் சிக்கிப் படகு நின்றுவிட்டால் அது பின்னோக்கி நகரத் தொடங்கும். அப்போது சுக்கான் தலைகீழாக வேலை செய்யும். முன்பாயை ஒரு பக்கம் கையால் பிடித்துக்கொடுத்தால் அணியம் மறுபக்கம் விலகிவிடும்.

பின்காற்றில் பக்கம் மாற்றும் ஜைப்பில் தயக்கம்தான் எதிரி. படகு அலை முகத்தில் வேகமாக இறங்கும்போது பாயில் அழுத்தம் மிகக் குறைவு. அந்த நேரத்தில் பலகையை நடுவில் வைத்து மாற்றுங்கள். வேகம் குறைந்து அடுத்த அலையின் முதுகில் அணியம் முட்டும்போது மாற்றினால் பாய்மரமே ஆபத்தில் இருக்கும். பின்காற்றில் எடையைப் பின்னால் வையுங்கள். ஒல்லியான அணியம் எளிதில் மூழ்கும்.

கவிழாமல் யாரும் பழகியதில்லை, ஆகவே நிமிர்த்துவதையும் பழகுங்கள். காற்று போகும் பக்கம் கவிழ்ந்தால் பலகை வானத்தைப் பார்த்து நிற்கும். கயிறுகளை விடுவித்து, அடப்பலகையில் ஏறி நின்று, பலகையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் எழும்பும். எழும்பியதும் முதல் வேலை பலகையை நடுவுக்குத் தள்ளுவது. உங்கள் பக்கமாகக் கவிழ்ந்தால் பலகை நீருக்கு அடியில் இருக்கும். அதை நடுவுக்கு இழுக்காமல் நிமிர்த்த முயன்றால் தண்ணீரே தடுக்கும். மேலும் எழும்பும் பாயைக் காற்று அடியில் பிடித்து மறுபக்கம் வீசிவிடும். ஆகவே நீந்திச் சென்று அணியத்தைக் காற்றுக்குத் திருப்பிய பிறகே நிமிர்த்துங்கள். மிதவைச் சட்டை இல்லாமல், துணைப்படகு பக்கத்தில் இல்லாமல் இந்தப் பயிற்சியைச் செய்யாதீர்கள். கயிறு அறுக்க ஒரு சிறு கத்தி உடம்போடு இருக்கட்டும்.

கரைக்குத் திரும்பும்போது ஆழம் குறைவதற்குள்ளாகவே பலகையை நடுவுக்குக் கொண்டுவந்து, காற்றுக்கு நேராக நிறுத்தி, அடப்பலகையைத் தூக்கிவிட்டு இறங்குங்கள். இறங்கியதும் படகை விடாதீர்கள். பாயை இறக்கி, வண்டியில் ஏற்றிக் கட்டிய பிறகுதான் கை எடுக்கலாம். அன்றைக்கே சறுக்குப் பாதையை நல்ல தண்ணீரில் கழுவி, நிறுத்திகளின் திருகுகளை ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.