உயிலைத் திருத்தப் போகும் முன்

என் உயிலை இரண்டு முறை எழுதிவிட்டேன். முதல் முறை வழக்கறிஞர் எத்தனை வங்கிக் கணக்குகள் என்று கேட்டதும் விழித்தேன். ஆகவே சொத்து, கடன், வாரிசுகளின் முழுப்பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உயிலை நிறைவேற்றப்போகிறவரிடம் முன்பே சம்மதம் கேளுங்கள். மாற்றாக இன்னொருவர் பெயரும் வேண்டும். நான் நம்பியிருந்த தம்பி எனக்கு முன்பே போய்விட்டான். அதனால்தான் இரண்டாவது உயில்.

பழைய தாளில் பேனாவால் அடித்துத் திருத்தாதீர்கள். பெரிய மாற்றமென்றால் புதிதாகவே எழுதி, முந்தைய உயில்களை ரத்து செய்கிறேன் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். சொத்துப் பெறுகிறவரையோ அவர் துணையையோ சாட்சிக் கையெழுத்துக்கு அழைக்க வேண்டாம். வழக்கறிஞரைத் தனியாகப் பாருங்கள். பிள்ளைகள் வாசலிலேயே காத்திருக்கட்டும், கோபித்துக்கொண்டாலும் சரி. அசல் எங்கே இருக்கிறது என்பதை நிறைவேற்றுபவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.