அருள் முன்பணம் அன்று

பாம்பன் முதல் தொண்டி வரையுள்ள நம் கடற்கரையில் முன்பணம் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. வலைக்கும் இயந்திரத்துக்கும் வியாபாரியிடம் தொகை வாங்கியவர், அந்தக் கணக்குத் தீரும்வரை பிடிக்கும் மீனை அவரிடமே, பெரும்பாலும் அவர் சொல்லும் விலைக்கே கொடுத்தாக வேண்டும். வட்டி என்று எங்கும் எழுதப்படாவிட்டாலும் அது அந்த விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. கடவுளின் அருளையும் (சீர்திருத்த சபையினர் கிருபை என்பார்கள்) நம்மில் பலர் இப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறோம். அது இலவசம் என்று மறையுரையில் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் செபமாலை, ஒருசந்தி (ஒருவேளை உணவோடு இருக்கும் நோன்பு), நவநாள் (ஒரு புனிதரை நோக்கித் தொடர்ந்து செய்யும் செபம்) எனத் தவணை கட்டத் தொடங்குகிறோம். ஒரு தவணை தவறினாலும் நெஞ்சு பதறுகிறது. அந்தப் பதற்றத்திலிருந்து வெளியே வர எனக்கு உதவிய பழக்கங்களை இங்கே எழுதுகிறேன்.

முதலில், மனத்துக்குள் வைத்திருக்கும் கணக்கைத் தாளில் எழுதுங்கள். மாதம் முழுவதும் செய்யும் பக்தி முயற்சிகளை வரிசையாகக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே, "இதைச் செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்று அஞ்சுகிறேன்?" என்ற கேள்விக்கு உண்மையான பதிலை எழுதுங்கள். என் தாளில் அந்தோணியார் நவநாளுக்கு எதிரே இருந்த பதில் எனக்கே வெட்கமாக இருந்தது. அண்ணனின் நாட்டுப்படகு இயந்திரம் கடலில் நின்றுபோன நாளில், முந்தைய செவ்வாய்க்கிழமை நான் கோயிலுக்குப் போகாததே காரணம் என்று பல மாதங்கள் நம்பியிருந்தேன். டீசலில் தண்ணீர் கலந்திருந்ததை அண்ணன் அன்றைக்கே சொல்லியிருந்தும் என் மனம் அதை ஏற்கவில்லை.

எழுதி முடித்ததும் அச்சத்தால் செய்பவற்றையெல்லாம் உடனே விட்டுவிட வேண்டியதில்லை. செபத்தை வைத்துக்கொண்டு, அதில் கட்டியிருக்கும் நிபந்தனையை மட்டும் அவிழ்த்துவிடுங்கள். "இதைத் தந்தால் அதைச் செய்கிறேன்" என்று புதிய நேர்ச்சை நேர்வதைச் சில காலம் நிறுத்திவைத்து, வேண்டியதை வெறுமனே கேட்டுப் பழகுங்கள். முன்பே நேர்ந்துகொண்டதை உடல்நிலையாலோ வறுமையாலோ நிறைவேற்ற முடியாமல் தவிப்பவர்கள் பங்குத்தந்தையிடம் பேச வேண்டும். தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து தகுந்த காரணத்துக்காகத் தம் பங்கு மக்களை விடுவிக்கத் திருச்சபைச் சட்டம் அவருக்கு அதிகாரம் தருகிறது. இது தெரியாமல் கடன் வாங்கி நேர்ச்சை செலுத்தும் குடும்பங்கள் இருப்பது வருத்தத்துக்குரியது.

அடுத்து, யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தை ஒரு வாரம் தினமும் காலையில் மெதுவாக வாசியுங்கள். கடல் தெரிந்தவர்களுக்கு அது எளிதில் பிடிபடும். இரவு முழுவதும் வலைவீசி ஒன்றும் அகப்படாமல் சீடர்கள் திரும்புகிறார்கள். கரையில் நிற்பவர் சொன்ன பக்கம் வலையைப் போட்டதும் 153 பெரிய மீன்கள் விழுகின்றன. நம் பார்வை அந்த எண்ணிக்கையிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் அவர்கள் கரையேறியபோது கரிநெருப்பின்மேல் மீன் ஏற்கெனவே வெந்துகொண்டிருந்தது, பக்கத்தில் அப்பமும் இருந்தது. அவர்கள் கொண்டுவந்த மீனுக்காக அந்த அடுப்புக் காத்திருக்கவில்லை. அதற்குப் பிறகே, "நீங்கள் பிடித்ததிலும் சில கொண்டுவாருங்கள்" என்கிறார் இயேசு. இந்த வரிசையை மனத்தில் பதியவையுங்கள். பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த இரவிலும் கரிநெருப்பு ஒன்று எரிந்ததாக இதே நற்செய்தி சொல்கிறது. அப்படிப்பட்டவருக்கு முதலில் சோறு போடப்படுகிறது, பிறகு கேட்கப்படும் கேள்வியும் "ஏன் மறுதலித்தாய்?" என்பதன்று, "என்மேல் அன்பு உண்டா?" என்பதே. வாசித்து முடித்த பின் பத்து நிமிடம் கைகளை மடியில் விரித்துவைத்து, எதையும் சொல்லாமல், அந்தக் கரையில் பரிமாறப்படுபவராக உட்கார்ந்திருங்கள். முதல் சில நாட்கள் இது சோம்பல் போலவே தோன்றும்.

இரவில் ஆன்மச் சோதனை, அதாவது அன்றைய நாளைக் கடவுள்முன் திரும்பிப் பார்க்கும் செபம், செய்பவர்கள் அதன் வரிசையை மாற்றிப் பாருங்கள். மாற்றுவது என்று சொல்வதும் சரியன்று. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த முறையே நன்றியில்தான் தொடங்குகிறது. அன்று பெற்ற நன்மைகளுக்கு நன்றி, பாவத்தை அறிவதற்கான அருளைக் கேட்டல், அதன் பிறகே நாளின் கணக்கு, பின்னர் மன்னிப்பும் திருந்தும் உறுதியும் என்பது அவர் வைத்த ஒழுங்கு. நாம் நடுவிலிருந்து தொடங்கி நடுவிலேயே முடித்துவிடுகிறோம். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு, 1947-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட இயேசு சபைத் துறவி ஜான் டி பிரிட்டோ இந்த முறையில் பயின்றவர். அவருடைய தமிழ்ப் பெயர் அருளானந்தர். ஓரியூருக்கு நடந்துபோய்ச் செம்மண்ணை முடிந்து வருபவர்கள் அந்தப் பெயரின் முதற்பாதியையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதில்) மன்னிக்கப்பட்டதை மறுபடியும் மறுபடியும் அறிக்கையிடுவது பணிவு போலத் தெரிந்தாலும், பாவமன்னிப்பின் சொல்லை நம்பாமையே அதில் இருக்கிறது. அதன்பின் செய்யும்படி குரு தரும் அபராதமும் (செபம் போன்ற பரிகாரமும்) மன்னிப்பின் விலையன்று. குற்றவுணர்வும் செபத்தை எண்ணி எண்ணித் திரும்பச் சொல்லும் கட்டாயமும் தூக்கத்தைக் கெடுக்குமளவுக்குப் போனால், பங்குத்தந்தையோடு மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

அப்படியானால் நற்செயல் வேண்டாமா என்று கேட்பார்கள். எபேசியர் 2-ஆம் அதிகாரம் 8, 9-ஆம் வசனங்கள் மீட்பு நம் செயலால் வந்ததன்று என்கின்றன. 10-ஆம் வசனமோ நற்செயலுக்காகவே நாம் படைக்கப்பட்டோம் என்கிறது. இதைப் பற்றிப் பல நூற்றாண்டுகள் மோதிக்கொண்ட கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள்: கடவுள் நம்மை ஏற்பது நம் தகுதியால் அன்று, அருளால் மட்டுமே, நற்செயல் அதன் கனி.

இதைப் பழகிப் பார்க்க ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும்போது, சம்பாதிக்காத தன்னைத் தானே மதிக்க முடியாமல் வீட்டில் எரிந்துவிழும் ஆண்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த 21-ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள்.

அமைதி உடனே வரும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். எனக்கு அது வந்ததே தெரியவில்லை. போன ஐப்பசியில் அண்ணனின் இயந்திரம் மறுபடியும் நின்றது. நவநாள் தவறியதா என்ற நினைவே எழாமல், நான் மெக்கானிக்கின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன்.