இடிமழை ஓய்ந்தும் புழுக்கம் போகவில்லையா? கோடை முன்னறிவிப்பை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“மாலையில் இடியுடன் மழை, அதன்பின் குளிர்ந்த, உலர்ந்த காற்று.” நாலைந்து நாள் புழுக்கத்தில் வெந்தவர்களுக்கு இந்த ஒற்றை வரி பெரிய ஆறுதல். ஆனால் இதில் இரண்டு நிகழ்வுகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. மழை கொட்டி முடிந்தால் காற்றும் மாறிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை.

குளிர்ந்த காற்று கனமானது. அது தரையை ஒட்டி ஆப்புபோல நுழைந்து, எதிரே இருக்கும் சூடான ஈரக்காற்றை மேலே தள்ளும். இரண்டும் மோதும் எல்லைக்குக் குளிர் வளிமுகம் என்று பெயர். முதல் உலகப் போரின் போர்முனைகளை மனதில் வைத்து, 1919 வாக்கில் நார்வே நாட்டு வானிலையாளர்கள் வைத்த பெயர் அது. இடிமேகம் சில நேரம் அந்த எல்லையிலேயே எழும். பல நேரம் அதற்கு நூறு, இருநூறு கிலோமீட்டர் முன்னாலேயே வரிசை கட்டிவிடும். எல்லை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று வையுங்கள். மழை விட்டபிறகு உலர்ந்த காற்று வந்து சேர ஐந்து மணி நேரம்கூட ஆகலாம். அந்த இடைவெளியில் வெயில் அடித்தால் நனைந்த தரையிலிருந்து ஆவி கிளம்பும். முன்பைவிட அதிகமாகப் புழுங்கும், இரண்டாவது மழையும் கட்டும். “முன்னறிவிப்பு பொய்த்துவிட்டது” என்று சலித்துக்கொள்வது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். பொய்க்கவில்லை, பாதிதான் நடந்திருக்கிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு ஆபத்தானது. மழைக்குச் சற்று முன் திடீரென்று ஒரு சில்லென்ற காற்று வீசுமே, நினைவிருக்கிறதா? இலைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி வெளுத்த அடிப்பாகத்தைக் காட்டும், புழுதி எழும்பும், வியர்த்த கழுத்தில் குளிர் படும். அப்பாடா என்று கைகளை விரித்து நிற்கத் தோன்றும். அது அறிவிப்பில் சொன்ன குளிர்காற்று இல்லை. மேகத்திலிருந்து விழும் மழைத்துளிகள் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்று குளிர்ந்து கனமாகி, கீழே விழுந்து, தரையில் மோதி எல்லாப் பக்கமும் பரவுகிறது. மழையை முந்திக்கொண்டு ஓடிவரும் அந்தக் காற்று, இடிமழை பக்கத்தில் வந்துவிட்டது என்பதற்கான அடையாளம். சில நேரம் மரத்தையே சாய்க்கும் வலுவோடு வரும். அது மேலே பட்டதும் ரசிக்க நிற்காமல் உள்ளே போய்விடுங்கள்.

மின்னல் விஷயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். “மழை இன்னும் வரலையே, இந்த ஒரு ஆட்டம் முடிச்சிடலாம்” என்பது மைதானங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு. மழை பெய்யும் இடத்திலிருந்து 15 கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் இறங்கலாம், தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும்கூட. இடியோசை ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி எடுக்கும். ஆக, மின்னலைப் பார்த்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. சுருக்கமாக, இடி காதில் விழுந்தாலே வெளியில் நிற்கக் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வர வேண்டும். மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. மூடிய கார் நல்ல ஒதுங்கிடம்தான். ஆனால் காப்பாற்றுவது ரப்பர் டயர் இல்லை. மின்சாரத்தைத் தன்மேல் ஓடவிட்டுத் தரைக்குக் கடத்துவது அதன் உலோகக் கூடு. மேலே துணிக்கூரை உள்ள வண்டியையோ இருசக்கர வண்டியையோ நம்பாதீர்கள்.

“மழை வாய்ப்பு 40 சதவீதம்” என்பதை ஊரில் 40 சதவீத இடத்தில் பெய்யும் என்றோ, நாளில் அவ்வளவு நேரம் பெய்யும் என்றோ படிக்க வேண்டாம். இதே நிலைமை உள்ள பத்து நாட்களில் நான்கு நாள் உங்கள் இடம் நனையும் என்பதே பொருள். தனி இடிமேகம் ஒன்றின் அகலம் சில கிலோமீட்டர்தான், ஆயுள் ஒரு மணி நேரத்துக்குள். அடுத்த தெரு நனைந்து உங்கள் தெரு காய்ந்திருந்தால் அதிசயமில்லை. காலையில் பார்த்த குறியீட்டோடு நிறுத்தாமல், மதியத்துக்கு மேல் ரேடார் படத்தைத் திறந்து பாருங்கள்.

சரி, காற்று நிஜமாகவே மாறிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கே எல்லோரும் ஈரப்பத சதவீதத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். அந்த எண் வெப்பநிலையோடு சேர்ந்து ஆடும். 30 டிகிரி மதியத்தில் 55 சதவீதம் என்றால் கசகசவென்று இருக்கும். 12 டிகிரி விடியலில் 88 சதவீதம் என்றால் சுகமாக இருக்கும். பார்க்க வேண்டியது பனிப்புள்ளி, அதாவது காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. முதல் உதாரணத்தில் அது 20 டிகிரி, இரண்டாவதில் 10. பனிப்புள்ளி 20-ஐ ஒட்டியே இருந்தால் எத்தனை மழை பெய்திருந்தாலும் காற்று மாறவில்லை. அது மளமளவென்று இறங்கி, காற்றின் திசையும் திரும்பி அப்படியே நிலைத்து, காற்றழுத்தமும் ஏறினால் குளிர் வளிமுகம் உங்களைக் கடந்துவிட்டது.

கடந்தபிறகும் கவனம் வேண்டும். உலர்ந்த காற்று பலமாக வீசும்போது காய்ந்த புல்லில் தீ வேகமாகப் பரவும். திசை திரும்பும் காற்று, தீயின் நீண்ட பக்கவாட்டையே முன்னணியாக மாற்றிவிடும். 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 173 பேரைப் பலிகொண்ட காட்டுத்தீயில் இப்படியொரு காற்று மாற்றமும் சேர்ந்துகொண்டது. அப்புறம், காற்று குளிர்ந்ததால் வெயில் சுடாது என்று எண்ண வேண்டாம். புற ஊதாக் கதிருக்கும் காற்றின் வெப்பத்துக்கும் தொடர்பில்லை. மேகம் விலகிய தெளிந்த வானத்தில் தோல் இன்னும் சீக்கிரம் கருகும். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடல் நீரை இழப்பதும் தெரியாது.

மழை விட்டதும் ஓடிப்போய் ஜன்னல்களைத் திறப்பதும் அவசரம்தான். உள்ளே வருவது பெரும்பாலும் தரையிலிருந்து கிளம்பிய ஈரம். குளிர்ந்த நீர் ஊற்றிய கண்ணாடிக் குவளை ஒன்றை வெளியே வையுங்கள். சில நிமிடங்களில் துளிகள் திரண்டு வழிந்தால் இன்னும் காத்திருங்கள். மெல்லிய மூட்டம் படிவதோடு நின்றால் ஜன்னலைத் திறக்கலாம்.